ஒரு பல் முன்னால் வைத்த கேம்

1. டிராக்டர் பின்னால் வந்த கார்

நான் இன்ஜின் இறக்கி, ரிங் மாற்றி, வால்வு கிரைண்ட் பண்ணி, ஏற்றிக் கொடுத்த கார் பதினெட்டாம் நாள் என் பட்டறைக்குத் திரும்பி வந்தது. வந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு டிராக்டரின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். செஞ்சிக் கடைத்தெரு முழுக்க எழுந்து நின்று பார்த்தது. ஒரு மெக்கானிக்குக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு செயின் பிளாக், ஒரு வைஸ், இரண்டு பெட்டி ஸ்பேனர். இவை எல்லாப் பட்டறையிலும் இருக்கும். என்னிடம் கூடுதலாக இங்கிலீஷ் மானுவல் ஒன்றும் தடிமனான அகராதி ஒன்றும் இருந்தன. மானுவல் படித்து வேலை செய்கிற மெக்கானிக் என்று எனக்கு ஊரில் ஒரு பேர். அந்தப் பேரைப் பரப்பியதில் பெரும் பங்கு என்னுடையது. கிளை நூலகத்தில் நான் எடுக்காத புத்தகம் சமையல் புத்தகம் மட்டும்தான். படித்தவன் தப்பு செய்யமாட்டான் என்று ஊர் நம்பியது. ஊரைவிட நான் அதிகமாக நம்பினேன்.

கார், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மண்டி முதலாளியுடையது. நாலு சிலிண்டர், பெட்ரோல், பழைய வண்டி. ஓட்டியவர் ஏழுமலை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒன்பது வருஷமாக அந்த மண்டியில் டிரைவர். மண்டிக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஓர் அறையில் மனைவியோடு குடியிருந்தார். வேலை, வீடு, ஊரில் மதிப்பு மூன்றும் அந்த ஸ்டியரிங்கில்தான் இருந்தன. இது அப்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் தெரியும்.

புது ரிங் போட்ட வண்டி என்பதால் முதல் ஐநூறு மைல் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தேன். ஓட்டினார். அதற்குப் பிறகு வந்த அமாவாசைக்கு முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் போனார். முழு லோடு, நல்ல வெயில், ரோடு முழுக்கக் கூட்டம். ஊர்ந்து போய் ஆக்சிலேட்டரை மிதிக்கும் போதெல்லாம் இன்ஜின் இடித்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். நாங்கள் நாக் என்போம். கோயில் எல்லைக்கு வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. முதலாளியம்மா பட்டுப்புடவையோடு ஸ்பெஷல் பஸ்ஸில், செஞ்சி வரைக்கும் நின்றுகொண்டே திரும்பி வந்தார். முதலாளியின் கோபத்தில் பாதி அந்த பஸ்ஸில் ஏறி வந்தது.

2. டிரைவர் சொன்ன ரோகம்

மறுநாள் ஏழுமலை அண்ணன் மட்டும் பட்டறைக்கு வந்தார். நான் ரேடியேட்டர் கழுவி, பிளக் மாற்றி, ஸ்பார்க் விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி வைத்திருந்தேன். இருவரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். கோட்டை மதிலைத் தாண்டி ரோடு மேடேறும் இடத்தில் மறுபடியும் அதே இடி.

"கேக்குதா பாய்?"

"கேக்குதுண்ணா. கார்பன் இருக்கும்."

"இப்பதான ஹெட்ட கழட்டி சுரண்டின. பதினெட்டு நாள்ல இன்னா கார்பன்? எந்தக் கடைல வாங்கின?"

நான் சிரிக்கவில்லை. அவர் மேலே பேசினார்.

"இடிக்கறது ஒரு பக்கம் இருக்கட்டும். நாப்பதுக்கு மேல வண்டிக்கு மூச்சே இல்ல. முன்ன அறுபது போவும். கீழ இடிக்குது, மேல மூச்சு இல்ல. இது டைமிங்கு பாய்."

"டைமிங் இப்பதான் வெச்சேன்."

"அது வெளிய இருக்கற டைமிங்கு. நான் சொல்றது உள்ள. கேமு."

கேம் ஷாஃப்ட் என்பது வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற தண்டு. அதன் கியரும் கிராங்க் ஷாஃப்ட் கியரும் பல்லோடு பல் பிடித்துச் சுற்றும். இரண்டிலும் ஒவ்வொரு பல்லில் கம்பெனி ஒரு புள்ளி குத்தி அனுப்பும். புள்ளிக்குப் புள்ளி நேராக வைத்து மாட்டினால் வால்வுகள் சரியான நேரத்தில் திறக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் இப்படித்தான் ஓடும். இதை ஒரு டிரைவர் எனக்குச் சொல்கிறார். அகராதி என்னிடம் இருக்கிறது.

"புள்ளிக்குப் புள்ளி வெச்சிருக்கேண்ணா. மானுவல் படி. நீங்க ரோட்ட பாருங்க, இன்ஜின நான் பாத்துக்கறேன்."

அவர் ரோட்டைப் பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏற்றிக் கொடுத்த அன்றே நான், சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கிற கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்திருந்தேன். நாலு சிலிண்டரிலும் மானுவல் சொன்னதைவிட அதிகமாகக் காட்டியது. 'பாத்தீங்களா முதலாளி, புது ரிங்கோட வேலை' என்று பெருமையடித்தேன். கேஜ் எனக்கு அப்போதே நோயைச் சொல்லிவிட்டது. நான் அதைப் பாராட்டுக் கடிதமாகப் படித்தேன்.

3. காகிதத்தில் இரண்டு சொட்டு

மூன்றாம் நாள் முதலாளியே ஏழுமலை அண்ணனோடு நேரில் வந்தார். நாக் அடிப்பதற்கு மானுவலில் ஏழு காரணம் போட்டிருந்தது. ஆறை நான் பென்சிலால் அடித்துவிட்டிருந்தேன். மிச்சம் இருந்தது மட்டமான பெட்ரோல். ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே மண்ணெண்ணெய் டின் ஒன்றும், சுருட்டிய ரப்பர் டியூப் ஒன்றும் இருந்தன.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜின் இடிக்கும். டிரைவர்கள் சிலர் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி அளவைச் சரிக்கட்டுவதும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். ஏழாவது காரணம் டிக்கியில் உட்கார்ந்திருக்கிறது. துப்பறியும் கதைகள் நிறையப் படித்த கெடுதல் இது. கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

"முதலாளி, பெட்ரோல்ல மண்ணெண்ண கலந்தா இப்படித்தான் இடிக்கும்" என்றேன்.

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. டின்னை மட்டும் தூக்கி வெளியே வைத்தேன். பெயர் சொல்லாமல் ஒருவரைக் காட்டிக்கொடுக்க முடியும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

முதலாளி டின்னைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார்.

"இன்னா ஏழுமல இது?"

"ஊட்டு வௌக்குக்கு முதலாளி. அம்மாவாச அன்னிக்கு வாங்கினது, எறக்க மறந்துட்டேன்."

"டியூப்பு?"

"எந்த டிரைவர் வண்டில டியூப் இல்ல?"

"ஒன்பது வருசம் சோறு போட்டேன்டா."

"முதலாளி, நான் தொட்டுருந்தா என் கை..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்காமல் என் பக்கம் திரும்பினார். "பாய், நீ படிச்சவன். டேங்க்ல இருந்து ரெண்டு சொட்டு எடு. வெள்ளக் காயிதத்துல விடு. காஞ்சதும் எண்ணெக் கற நின்னா நான் திருடன். கற இல்லன்னா பெட்ரோல் சுத்தம். ஒரு நிமிசம் ஆவுமா?"

ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தச் சோதனை என் மானுவலிலும் இருந்தது. அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். காகிதமும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் எதிரில், ஒரு டிரைவர் சொல்லி நான் சோதனை செய்வதா? கறை நிற்காவிட்டால்? அந்த 'நிற்காவிட்டால்' என் மனதில் ஒரு கணம் வந்து போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது வந்ததால்தான் நான் செய்யவில்லை.

"எதுக்குண்ணா அதெல்லாம்? இந்த இடியே சொல்லுதே" என்றேன்.

முதலாளிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "சாவிய வெய்யி. ரூம காலி பண்ணு" என்றார்.

ஏழுமலை அண்ணன் சாவியை பானெட் மேல் வைத்தார். சண்டை போடவில்லை. மண்ணெண்ணெய் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டு விளக்குக்கு வேண்டுமே. அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தே மண்டிக்குப் போனார். காரணம் கேட்டவர்களுக்கு டீக்கடைக்காரர்கள் காரணம் சொன்னார்கள். சாட்சியை அவரே கையில் கொண்டுபோகிறார் என்று ஒருவர் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்பது மட்டும் ஞாபகம் இல்லை. வசதியான மறதி.

4. நானே குத்திய புள்ளி

டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி வண்டியை அனுப்பினேன். புது டிரைவர் வந்தார். பத்து நாளில் அவரும் வந்து நின்றார்.

"பாய், வண்டி மேட்டுல இடிக்குது. மேல மூச்சு இல்ல."

அதே வார்த்தைகள். இவர் ஏழுமலையைப் பார்த்ததுகூட இல்லை.

அவரை அனுப்பிவிட்டு, மானுவலை மூடி வைத்துவிட்டு, முதல் முறையாக வண்டியிடம் கேட்டேன். வால்வு கவரைக் கழற்றினேன். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்துக்கு ஃபிளைவீலில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்க வேண்டும். கையால் மெல்லச் சுற்றினேன். கோடு வருவதற்கு வெகு முன்பே வால்வு இறங்கிவிட்டது. சீக்கிரம் திறக்கிற வால்வு சீக்கிரம் மூடவும் செய்யும். மூடியபின் உள்ளே அடைபட்ட காற்றும் பெட்ரோலும் அளவுக்கு மேல் நசுங்கும். கேஜ் அதிகம் காட்டியது அதனால்தான். மெதுவாகப் போகும்போது இடித்தது அதனால்தான். வேகத்தில் மூச்சில்லாமல் போனதும் அதனால்தான். ஏழுமலை அண்ணன் கேஜும் ஃபிளைவீலும் இல்லாமல் உட்காரும் இடத்திலிருந்தே சொன்னது இதைத்தான்.

முன்னால் இருக்கும் டைமிங் கவரைத் திறந்தேன். புள்ளிக்குப் புள்ளி நேராகவே இருந்தது. எனக்குப் புரியவில்லை. கேம் கியரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காட்டினேன். பளிச்சென்று தெரிந்த புள்ளிக்கு அடுத்த பல்லில், அரத்தால் இழுத்த தடத்துக்கு அடியில், மங்கலாக இன்னொரு புள்ளி. அதுதான் கம்பெனி புள்ளி. பளிச்சென்று இருந்தது யாரோ பிறகு குத்தியது.

யாரோ என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். பழக்கம். குத்தியது நான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது செஞ்சியில் மூன்று பட்டறைகள். டீக்கடையில் பார்த்தால் 'வாங்க மேஸ்திரி' என்போம். பட்டறைக்குள் ஒருவரை ஒருவர் ஒழிக்க வழி தேடுவோம். அதற்கு ஒரு வழி கள்ளப் புள்ளி. ஒரு நல்ல வண்டி கைக்கு வந்து இன்ஜினைத் திறந்தால், கம்பெனி புள்ளியை அரத்தால் இழுத்து மறைத்துவிட்டு, ஒரு பல் தள்ளி நம் பஞ்ச் உளியால் புதிதாக ஒன்று குத்திவிடுவது. மாட்டும்போது அந்த ஒரு பல்லைக் கழித்து மாட்டுவோம். கணக்கு நமக்கு மட்டும்தான் தெரியும். வண்டி வேறு பட்டறைக்குப் போனால் அந்த மெக்கானிக் புள்ளிக்குப் புள்ளி வைப்பார், வண்டி இடிக்கும், வண்டிக்காரர் திட்டிக்கொண்டே நம்மிடம் திரும்பி வருவார். மூன்று பட்டறையிலும் இதைச் செய்தோம். மூன்று பேரும் நாம் மட்டும்தான் செய்கிறோம் என்று நினைத்தோம்.

இரண்டு வருஷம் முன்பு இதே காரின் இன்ஜின் முன்பக்கத்தைத் திறந்தபோது நான் குத்தியது அது. பிறகு எத்தனையோ வண்டி. எழுதி வைத்தால் எவனாவது பார்த்துவிடுவான் என்று எழுதவும் இல்லை. மறந்துவிட்டேன். அடுத்தவனுக்கு வைத்த பொறி இரண்டு வருஷம் பொறுமையாகக் காத்திருந்து, செஞ்சியில் மானுவல் படிக்கிற ஒரே மெக்கானிக்கைப் பிடித்தது. அத்தோடு நின்றிருந்தால் நல்ல வேடிக்கை. நானே சொல்லிச் சிரித்திருப்பேன்.

கேமை ஒரு பல் பின்னால் வைத்து மாட்டினேன். வண்டி கோட்டை மேட்டில் டாப் கியரில் சத்தமில்லாமல் ஏறியது. முதலாளி மகிழ்ந்துபோனார்.

"இன்னா பாய் பண்ண?"

சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "டைமிங் கியர் கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு முதலாளி. சரி பண்ணிட்டேன்."

"பாத்தியா! அந்தப் பய கண்டபடி ஓட்டி கியரையும் தேச்சுட்டுப் போயிருக்கான்."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணன் மேல் இருந்த ஒரு குற்றம் அந்த நிமிடத்தில் இரண்டாயிற்று.

5. அவலூர்பேட்டை

ஒரு மாதம் இப்படியே நாளை ஓட்டினேன். அதற்கு மேல் முடியவில்லை. விசாரித்ததில், ஏழுமலை அண்ணன் அவலூர்பேட்டையில் மச்சான் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன். சந்தைக்கருகில் ஒரு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவராக இல்லை. முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்குகிறவராக.

என்னைப் பார்த்து மூட்டையை இறக்கினார். "வா பாய். இன்னா இவ்ளோ தூரம்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கள்ளப் புள்ளியையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எவ்ளோ பல்லு?"

"ஒரு பல்லுண்ணா."

"முன்னயா, பின்னயா?"

"முன்ன."

"அதான். அதான் கீழ இடிச்சுது." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை நாளும் தன் காது தப்போ என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன்.

வெளிச்சம் சீக்கிரம் போய்விட்டது.

"முதலாளியாண்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணா. மொதல்ல உங்களாண்ட..."

"என்னாண்ட சொல்றதுக்கு பஸ் ஏறி வந்திருக்கற. மண்டிக்கு நடந்தே போயிருக்கலாமே பாய். நான் திருடல்லன்னு எனக்குத் தெரியாதா? அத எனக்கு ஏன் சொல்ற?"

நான் அவர் இறக்கி வைத்த மூட்டையைப் பார்த்தேன்.

"இங்க ரெண்டு பேராண்ட டிரைவர் வேல கேட்டேன். செஞ்சியில ஏன் உட்டாங்கன்னு கேட்டு ஆளனுப்பி விசாரிக்கறாங்க. உன் டீக்கடைக்காரங்கதான் பதில் சொல்றாங்க." சாக்கை உதறி மறுபடி முதுகில் போட்டுக்கொண்டார். "நாலு பேர் முன்ன சொன்ன. நாலு பேர் முன்ன நின்னு இல்லன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம். போ, பஸ்ஸு வந்துரும்."

6. உள் அறை

மறுநாள் காலை மண்டிக்குப் போனேன். முற்றத்தில் மல்லாட்டை அளந்துகொண்டிருந்தார்கள். இருபது பேராவது இருப்பார்கள். டீக்கடைக்காரரும் பாக்கி கேட்டு அங்கேதான் நின்றிருந்தார். இதைவிட வசதியான சபை எனக்கு அமைந்திருக்காது.

"முதலாளி, கொஞ்சம் தனியா பேசணும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை, 'தனியா' என்பதை, இத்தனை வருஷமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். முதலாளி கேட்டார். ஆச்சரியப்பட்டார். பிறகு சிரித்தார்.

"இத ஒத்துக்கறதுக்கே ஒரு மனசு வேணும் பாய். எவன் வந்து சொல்லுவான்?"

"ஏழுமலை அண்ணன திரும்பக் கூப்பிடலாமே முதலாளி."

"கூப்புட்டு? இப்ப இருக்கறவன எங்க அனுப்பறது? வீட்ல அம்மாவுக்கு அந்த ஆளு பேரச் சொன்னாலே அந்த பஸ்தான் ஞாபகம் வருது. உடு பாய். வண்டி ஓடுது இல்ல? பழசக் கிளறாத."

வெளியே வந்தேன். அளந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், "இன்னா பாய், வண்டில எதனா கோளாறா?" என்று கேட்டார். வாயைத் திறந்து சொல்ல அதுதான் இடம். "ஒண்ணுமில்ல, நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தேன்.

இப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. இளம் மெக்கானிக்குகளுக்கு அனுபவம் எழுதச் சொன்னார்கள். தொழில் சம்பந்தமாகச் சொல்வதானால் கொஞ்சம்தான். கீழே இடி, மேலே மூச்சில்லை, கம்ப்ரெஷன் அதிகம் என்றால், மற்றதையெல்லாம் குறை சொல்வதற்கு முன் டைமிங் கவரைத் திறங்கள். புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், வால்வு எப்போது திறக்கிறது என்று ஃபிளைவீலில் பாருங்கள். ஓட்டுகிறவர் சொல்வதைக் கடைசி வரை கேளுங்கள். பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால் பேசாமல் காகிதத்தை எடுங்கள். கள்ளப் புள்ளி யாரும் குத்தாதீர்கள். நான் அதற்குப் பிறகு குத்தவில்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. அதுதான் நான் கற்றது. தப்பை ஒத்துக்கொள்ளப் போகும்போது, ஒத்துக்கொண்டதன் பலன் யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் உள் அறையில் சொன்னதை முதலாளி வெளியில் சொன்னார். ஏழுமலை திருடவில்லை என்று அல்ல. 'நம்ம பாய் மாதிரி யோக்கியன் கிடையாது, தன் தப்பத் தானே வந்து சொல்றான்' என்று. என்ன தப்பு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வருஷமே வேறு இரண்டு மண்டிகளின் லாரிகள் என் பட்டறைக்கு வந்தன. கீற்றுக் கொட்டகைக்கு ஓடு போட்டேன்.

ஏழுமலை அண்ணன் அவலூர்பேட்டையில் மூட்டைதான் தூக்கினார்.